தகப்பன் பெயரும் தாயின் தாளமும்

2005இல் லண்டனிலிருந்து ஒரு ராப் ஆல்பம் வந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயர் கொண்ட 29 வயது மாதங்கி அருள்பிரகாசம், வீட்டில் மாயா. ஆல்பத்தின் பெயர் 'அருளர்'. மேற்கத்திய இசைப் பத்திரிகைகளுக்கு அது பொருள் விளங்காத, ஓசை மட்டும் கவர்ந்த ஒரு பெயர். ஈழத்து வாசகர்களில் ஒரு தலைமுறைக்கு அது ஏற்கனவே தெரிந்த பெயர். 'லங்கா ராணி' என்ற நாவலின் அட்டையில் அவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள்.

ராப் பாடகர் மேடையேறியதும் தன் பெயரைத்தான் முதலில் முழங்குவார். தன் தெரு, தன் திறமை, தன் எதிரி என்று எல்லாம் தன்னைச் சுற்றியே அமையும். அந்த இடத்தில் மாயா தன் தகப்பனின் பெயரை வைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த அடுத்த ஆல்பத்துக்குத் தாயின் பெயர்: 'கலா'. பிறகு 2021இல் அரக்கோணத்துப் பையன் ஒருவன் தன் பாட்டியின் பெயரைச் சொல்லிப் பாடினான்; அது உலகமெங்கும் ஒலித்தது. தகப்பன், தாய், பாட்டி என்று தமிழ்ச் சொல்லிசை தன் வம்சத்தைத் தேடிப் போன இந்தப் பாதையைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. தகப்பன் வழியில் வந்தது பெயர். எழுத்தும் கொள்கையும் அதோடு சேர்ந்து வந்தன. ஓசை வந்தது பெண்கள் வழியில். குடும்ப மரபைப் பாடும் ஒரு ஆல்பத்தை அதன் தலைப்பைக் கொண்டே படித்துவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதைக் காதால் கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது.

அருளரிலிருந்து தொடங்குவோம். ஏ.ஆர். அருள்பிரகாசம் ஒரு பொறியாளர், மாஸ்கோவில் படித்தவர். 1975இல் லண்டனில் தமிழ் மாணவர்கள் சிலர் கூடித் தொடங்கிய ஈரோஸ் இயக்கத்தின் மூலவர்களில் ஒருவர். அதே 1975இல், அதே லண்டனில், ஜூலை 18 அன்று மாயா பிறந்தார். மகளும் இயக்கமும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்தது. தகப்பன் இயக்க வேலையில் இறங்கினார். லெபனானில் பாலஸ்தீன இயக்கத்தாரிடம் பயிற்சி பெற்ற முதல் ஈழத் தமிழர்களில் அவரும் உண்டு.

அருளர் என்ற பெயரில் அவர் எழுதிய 'லங்கா ராணி' அந்தக் காலத்தின் நாவல். 1977 ஆகஸ்டில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, கொழும்பில் தஞ்சம் புகுந்தவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கப்பலின் பெயர்தான் நாவலுக்கும். எல்லாம் இழந்து தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் வழியாக, இனி என்ன செய்வது என்ற கேள்வியை அது எழுப்புகிறது. இலக்கிய நயத்தைவிட விவாதம் மேலோங்கிய படைப்பு என்பது உண்மை. ஆனாலும் ஈழப் போராட்டம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட தொடக்க கால ஆவணங்களில் அதற்கு இடம் உண்டு. ஈரோஸுக்கு இன்னொரு தனித்தன்மையும் இருந்தது. வடக்கு, கிழக்கோடு நிற்காமல், மலையகத் தோட்டத் தொழிலாளர்களையும் ஈழ மக்களாகவே அது எண்ணியது. அந்த உழைப்பாளிகளைத் தன் அரசியலின் மையத்துக்குக் கொண்டுவர முயன்ற இயக்கம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் பிற்பகுதியில் அந்தத் தோட்டங்களுக்கே போகப்போகிறோம்.

நாட்டுக்காகப் போன தகப்பன் வீட்டில் இல்லை. எப்போதாவது இரவில் வந்து போகும் அந்த மனிதரைப் பிள்ளைகளிடம் மாமா என்றே சொல்லிவைத்திருந்தார்களாம். பாதுகாப்புக்காகத்தான். இராணுவம் வந்து விசாரித்தால் பிள்ளை உளறிவிடக்கூடாதல்லவா? மாயா இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். போராளிக் குடும்பங்களைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். அப்பாவை அப்பா என்று கூப்பிடத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி எழுதியது குறைவு.

யாழ்ப்பாணம், கொஞ்ச காலம் சென்னை, மறுபடி யாழ்ப்பாணம். கடைசியில் 1986இல், பதினோரு வயதை எட்டும் தறுவாயில், தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன். தெற்கு லண்டனின் மிட்சம் பகுதியில், ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. அந்த வட்டாரத்தில் இனவெறி வெளிப்படையாகவே நடமாடிய காலம். கலா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். வீட்டில் திருட்டுப்போய் வானொலிப் பெட்டியும் போனபின், பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வந்த ஹிப்-ஹாப்தான் மாயாவுக்குப் பாட்டாயிற்று. ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத வயதில், சொற்கள் புரியுமுன் அவற்றின் தாளம் புரிந்தது.

பின்னாளில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் படித்தார். 2001இல் கேமராவோடு இலங்கைக்குப் போய் உறவினர்களைப் படம்பிடித்தார். அந்தக் காட்சிகளில் ஒரு பகுதி, கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் 2018இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் இருக்கிறது. ஆக, அவர் முதலில் ஆவணப்படம் எடுக்க நினைத்தவர். பாட்டு பிறகு வந்தது.

அந்தப் பாட்டு ஒரு எந்திரத்தில் பிறந்தது. ரோலண்ட் எம்.சி.-505 என்பது தாளத்துக்கும் இசைத் துண்டுகளுக்குமான கருவி. மேசைமேல் அடங்கிவிடும். அதற்குள்ளேயே டிரம் ஓசைகள், பேஸ் ஓசைகள், அவற்றை அடுக்கித் திரும்பத் திரும்ப ஓடவிடும் அமைப்பு எல்லாம் உண்டு. வாத்தியம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஸ்டூடியோவுக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை. எலாஸ்டிகா இசைக்குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கப் போன மாயாவுக்கு, உடன் வந்த பாடகி பீச்சஸ் இந்தக் கருவியை அறிமுகப்படுத்தினார். லண்டன் திரும்பி, அறைக்குள் உட்கார்ந்து அதில் தட்டத் தட்ட உருவானவைதான் முதல் பாட்டுகள். 2003இல் 'கலாங்' சிறிய அளவில் ஒரு வெளியீடாக வந்தது. அதைக் கேட்டு எக்ஸ்.எல். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது.

'அருளர்' ஆல்பத்தை இந்த எந்திரத்தின் ஓசையாகவே கேட்க வேண்டும். கரடுமுரடான, இடைவெளி நிறைந்த பீட். மேலே, பாட்டும் பேச்சும் கோஷமும் கலந்த குரல். ஜமைக்கா நடனக்கூட மெட்டு இருக்கிறது. லண்டன் தெருவின் கிரைம் இசை இருக்கிறது. ரியோ நகரக் குடிசைப் பகுதிகளின் ஃபங்க் இருக்கிறது. ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் சிறு துணுக்கு ஒரு மொழி வகுப்பு. வாழைப்பழத்தின் ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டிப் பழகுகிறார்கள். அகதிப் பிள்ளையின் முதல் பள்ளிக்கூடம் அது. ஆனால் தமிழ் ஓசை என்று சுட்டிக்காட்டக்கூடியது மிக அரிது. தகப்பனின் பெயரைச் சுமந்த ஆல்பத்தில் தகப்பனின் மண்ணின் வாத்தியம் எதுவும் முன்னால் வரவில்லை. அவர் விட்டுப்போனவை சொற்களும் சின்னங்களுமே: அட்டை நிறையப் புலி உருவங்கள், டாங்கிகள், அச்சுவார்ப்பு ஓவியங்கள், பாட்டுக்குள் குண்டு, போராளி, மக்கள், எதிரி. ஒரு பிள்ளை தகப்பனைப் பற்றிக் கேள்விப்பட்டதையெல்லாம் சேர்த்து அவரைக் கற்பனை செய்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது அது. 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறதென்று எம்.டி.வி. அதை ஒளிபரப்ப மறுத்தது. அதன் காணொளி தென்னிந்தியக் காட்டில் எடுக்கப்பட்டது. பார்ப்பவர் ஈழத்தை நினைத்துக்கொள்வார்.

தலைப்பை ஏன் அப்படி வைத்தார்? எங்கோ இருக்கும் தகப்பன் என்றாவது இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகளின் பாட்டு கண்ணில் படட்டும் என்றுதான், என்று அவர் விளக்கியிருக்கிறார். படவும் செய்தது. தலைப்பை மாற்றும்படி தகப்பனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் மாற்றவில்லை. இந்த நிகழ்வை விளம்பரத் தந்திரமாக எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அப்படிப் படவில்லை. இயக்கத்துக்காகத் தானே சூடிக்கொண்ட பெயரை மகள் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். பொதுவாழ்வுக்குக் கொடுத்துவிட்ட பெயர், வீட்டுக்குக் கொடுக்காத பெயர். அதைப் பொதுவெளியில் வைத்துத்தானே அவள் திரும்பக் கேட்க முடியும்?

ஆனால் அந்தப் பெயர் வேறொரு தொல்லையையும் இழுத்துவந்தது. அமெரிக்க, பிரிட்டன் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப, தகப்பன் விடுதலைப் புலி என்றே எழுதின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு. தொடக்கம், கொள்கை, போன வழி எல்லாம் வேறு. தமிழ் இயக்கங்களுக்கிடையே ஓடிய இரத்தம் கொஞ்சமல்ல. அந்த வேற்றுமையைப் புரிந்துகொள்ளும் பொறுமை இசை நிருபர்களுக்கு இல்லை. தமிழன், ஆயுதம், எனவே புலி என்று முடித்துக்கொண்டார்கள். மாயாவே அதைத் திருத்திச் சொல்லியும் தவறு நிற்கவில்லை. ஆல்பத்தின் புலிச் சின்னங்கள் அந்தத் தவறுக்குத் துணைபோயின என்பதையும் சொல்லியாக வேண்டும். வம்ச வரலாற்றைச் சின்னங்களாகச் சுருக்கினால் அது யார் கையிலும் எப்படியும் திரும்பும்.

'கலா' (2007) வேறு மாதிரி. என் கணிப்பில் மாயா செய்தவற்றில் இதுவே முதன்மையானது. காரணம் தாயோடு சம்பந்தப்பட்டது.

முதலில் நடந்தது ஒரு தடை. அமெரிக்காவில் தயாரிப்பாளர் டிம்பாலண்டோடு பெரிய தயாரிப்பாகச் செய்யவிருந்த ஆல்பம் அது. 2006இல் விசா கிடைக்கவில்லை. எனவே எங்கெங்கு போக முடிந்ததோ அங்கெல்லாம் போய்ப் பதிவு செய்தார்: டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியாவின் வில்கானியா என்ற சிற்றூரைச் சேர்ந்த பழங்குடிச் சிறுவர்களின் ராப் ஒரு பாட்டில் இருக்கிறது. இன்னொன்றில் நைஜீரியக் குடும்பத்து லண்டன் இளைஞனின் குரல். பாதையில் முக்கியமான இடம் சென்னை. ஏ.ஆர். ரகுமானின் ஸ்டூடியோவும் அவர் வழியாகக் கிடைத்த தொடர்புகளும் கைகொடுக்க, ஒரு பெரிய மேளக் குழுவை வைத்து அடித்துப் பதிவுசெய்தார்.

அந்த மேளம் உறுமி. இடை சிறுத்த, இருமுகத் தோல் வாத்தியம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது தோல் விம்மி, அடித்தொண்டையிலிருந்து ஒரு மிருகம் முனகுவதுபோல் ஓசை எழும். அழுத்தம் கூடக் குறைய அந்தச் சுருதி ஏறி இறங்கும். மேற்கத்திய நடன இசையில் பேஸ் செய்யும் வேலையை இது செய்கிறது, ஆனால் ஒரே இடத்தில் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டே இருக்கும். 2006 இறுதியில் வந்த 'பேர்ட் ஃப்ளூ' பாட்டைக் கேளுங்கள். கோழிகள் கொக்கரிக்கின்றன, பிள்ளைகள் கத்துகிறார்கள், உறுமி மேல் உறுமி ஏறிக்கொண்டே போகிறது. இளைப்பாற இடமே இல்லை. கோயில் கொடையில் மேளக்காரர்களுக்கு மிக அருகில் மாட்டிக்கொண்டவருக்கு அந்த அனுபவம் தெரியும், நெஞ்சுக்கூடே அதிரும். அந்த நெருக்கத்தை அப்படியே நடனக்கூட ஒலிபெருக்கிக்குள் கொண்டுவந்து வைத்தார். 2003இல் வந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டுத் துண்டும் அதற்குள் இருக்கிறது.

ஆல்பத்தின் முதல் பாட்டான 'பாம்பூ பாங்கா'வில், 'தளபதி' (1991) படத்துக்கு இளையராஜா இசையமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் துண்டு ஓடுகிறது. இளையராஜாவைத் தெரியாத வெள்ளைக்கார விமர்சகருக்கு அது ஒரு வேகமான தாளம். தமிழருக்கோ பொங்கல், தீ, இரண்டு நண்பர்கள் என்று ஒரு முழுக் காட்சியே வந்துவிடும். 'ஜிம்மி' பாட்டின் மூலம், 1982இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' படத்துக்குப் பப்பி லஹிரி போட்ட மெட்டு. அந்தப் பாட்டுக்கு வீட்டு விசேஷங்களில் மகளை ஆடச் சொல்வாராம் கலா. யாழ்ப்பாணத்து வீடொன்றில் ஒரு தாய், ஒரு சிறுமி, கேசட்டில் ஒரு இந்திப் பாட்டு. கணவன் எங்கே என்று யாரும் கேட்டுவிடக்கூடாத வீட்டில், வந்தவர்கள் முன் பிள்ளையை ஆடவிட்டுச் சிரிக்கப் பார்க்கும் பெண். இருபத்தைந்து வருடம் கழித்து அது ஆல்பத்தில் வரும்போது, அதைவிடத் துல்லியமான குடும்ப ஆவணம் எது?

'அருளர்' அரசியலைப் பற்றியது, 'கலா' பிழைப்பைப் பற்றியது என்ற பொருளில் மாயாவே பேசியிருக்கிறார். எப்படிச் சம்பாதிப்பது, பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது, எல்லை தாண்ட எந்தக் காகிதம் வேண்டும் என்ற கேள்விகள் இவை. ஆல்பத்தின் மிகப் பெரிய வெற்றியான 'பேப்பர் பிளேன்ஸ்' அந்தக் கேள்விகளிலிருந்தே எழுந்தது. குடியேறி என்றாலே கள்ள விசா, துப்பாக்கி, பணம் என்று எண்ணும் பார்வையைப் பல்லவியில் துப்பாக்கி வெடியாகவும் கல்லாப்பெட்டி மணியாகவும் வைத்துத் திருப்பிக் காட்டினார். தொலைக்காட்சிகள் வெடியோசையை அழுத்திவிட்டு ஒளிபரப்பின. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம்வரை போனது. ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி பரிந்துரை கிடைத்தது. 2009 பிப்ரவரி 8, கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு அவர் பாடிய நாட்களில்தான் வன்னியில் மக்கள் பாதுகாப்பு வலயம் என்ற குறுகிய நிலத்துக்குள் அடைக்கப்பட்டுக் குண்டுவீச்சில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் பேசினார். கேட்டவர்கள் கொஞ்சப் பேர்.

யாருடைய திறமை இது என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. தயாரிப்பாளர் டிப்லோதான் பின்னணியில் எல்லாம் செய்தார் என்ற எண்ணம் பரவியிருந்தது. 'அருளர்' ஆல்பத்தில் அவர் கை பட்டது 'பக்கி டன் கன்' என்ற ஒரே பாட்டில். 2007இல் பிட்ச்ஃபோர்க் இசை இதழின் பேட்டியில் மாயா இதைக் கோபமாகவே மறுத்தார். ஒரு பெண், அதுவும் அகதிப் பெண், தானாக இதைச் செய்திருக்க மாட்டாள் என்று நம்புவது எளிதாக இருந்தது.

இதே கேள்வியை மாயாவிடமும் கேட்க வேண்டும். உறுமி அவர் குடும்பத்து வாத்தியமா? யாழ்ப்பாணத்துக் கோயில் இசை நாதஸ்வரமும் தவிலும். சாவுக்கு ஒலிக்கும் பறையை அடிக்க ஒரு சாதியை ஒதுக்கிவைத்த சமூகம் அது. உறுமி தமிழ்நாட்டுக் கிராமங்களின் வாத்தியம்; அங்கும் சாமிக்கும் சாவுக்கும் ஊருக்காக மேளம் அடித்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். போர் யாழ்ப்பாண வாழ்வைக் கலைத்துப் போட்டபின், லண்டனில் வளர்ந்த பெண், தமிழ் என்று காதில் விழுந்ததையெல்லாம் தன் தாய்வழிச் சொத்தாக எடுத்துக்கொண்டார். சினிமாப் பாட்டு, கொடை மேளம், இந்தி டிஸ்கோ எல்லாம் ஒரே கூடையில். அகதிக்கு அந்த உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் பாட்டின் முகப்பில் ஒரே பெயர்தான் இருந்தது, அது மாயாவின் பெயர். தோலைத் தேய்த்த கைகளுக்குச் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச யாரும் இருக்கவில்லை.

அடுத்து வந்தவர்களுக்கு மாயா ஒரு கதவைத் திறந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அகதியாகப் போய் டொராண்டோவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், இசைக்கலைஞர் யான்சனோடு சேர்ந்து மிருதங்கத்தின் சொற்கட்டுகளுக்கு ராப் சொற்களைப் பொருத்திப் பாடினார். 2021இல் 'மேட் இன் ஜாஃப்னா' என்ற ஆல்பத்தைத் தந்தார். தொழில்நுட்பத்தில் அவர் மாயாவைவிடத் தேர்ந்த சொல்லிசைக்காரர், தாளக்கணக்கு பிசகாது. ஊரின் பெயரை அவர் தலைப்பில் வைத்தார். 2005இன் கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்த ஊர், இப்போது விளக்கமின்றித் தலைப்பாகிவிட்டது.

2021 மார்ச் 7 அன்று 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. எழுதிப் பாடியவர் அந்த அரக்கோணத்துப் பையன், அறிவு; உடன் பாடியவர் தீ; தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். அறிவு அதற்கு முன்பே திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். 2019இல் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' என்ற ஆல்பத்தைச் செய்தவர். அது சாதியையும் அரசையும் நேருக்கு நேர் நின்று கேட்ட ஆல்பம். மாயாவின் முதல் ஆல்பத்தைப் போலவே அதுவும் கோஷத்தின் நெருப்பில் எரிந்தது. 'எஞ்சாய் எஞ்சாமி'யில் அறிவு பாட்டி வள்ளியம்மாளிடம் போகிறார்.

வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அந்த உழைப்பின் பின்னணி பெரியது. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது, கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களில் பஞ்சத்திலும் கடனிலும் தவித்த குடும்பங்களைத் திரட்டினார்கள். அவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து போகையில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பியில் நோய் விழுந்தபின் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் ஒரு குடும்பம், விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டு, நாள் முழுக்கக் கொழுந்து. சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அங்கே கள்ளத்தோணி என்று ஏசப்பட்டவர்கள், இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரர்கள் ஆனார்கள்.

அருளரின் இயக்கம் தன் கொள்கையில் இடம் கொடுத்தது இந்த மக்களுக்குத்தான். பாட்டில் வள்ளியம்மாளின் பெயரை ஒலிக்கவைத்தது பேரன். வள்ளியம்மாளைப் பற்றி நாவல் யாரும் எழுதவில்லை. அவர் அறிக்கை எதுவும் விட்டுப்போகவில்லை. அவரிடம் இருந்தவை பேச்சும் பாட்டும் ஒப்பாரியும். அவைதான் 'எஞ்சாய் எஞ்சாமி'யின் கட்டுமானம். ஒப்பாரி வைக்கும் பெண் செத்தவரை உறவுமுறை சொல்லி அழைப்பாள், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவாள், இடையில் தன் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிடுவாள். வந்து உட்காரும் பெண்கள் அடியெடுத்துக் கொடுப்பார்கள். ராப் செய்வதும் ஏறக்குறைய இதையே: அழைப்பு, அடுக்கு, தன் கதை, கூட்டத்தின் பதில். எனவே அறிவு வெளியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து ஒட்ட வேண்டியிருக்கவில்லை. பாட்டியின் வடிவமே சொல்லிசையாக நின்றது. மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித்தேடித் தொகுத்தது இந்த வகைச் செல்வத்தைக் காப்பதற்காகத்தான். அறிவு அதைத் தொகுப்பிலிருந்து எடுக்கவில்லை. வீட்டிலிருந்து எடுத்தார்.

பிறகு பெயர்ச் சிக்கல் வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். எழுதிப் பாடிய அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பியபின் அவருக்கென்று தனியாக ஒரு மின்னிதழ் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு அரங்கேறியது. எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தான் என்று அறிவு வெளிப்படையாக எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ். 2024 மார்ச்சில் அவரே, பாட்டை வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து மூவரில் யாருக்கும் பணம் வரவில்லை என்றார். யார் சரி என்ற தீர்ப்பைச் சொல்லுமிடம் இது அல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. கூலி சரியாகக் கிடைக்காத பாட்டியைப் பற்றிய பாட்டுக்கும் கூலி சரியாகக் கிடைக்கவில்லை. மேளக்காரர்கள் பெயரற்றுப் போன 2007ஐ நினைத்தால், குடும்ப மரபு சந்தைக்குப் போகும்போது முதலில் உதிர்வது உழைத்தவரின் பெயரே என்று தோன்றுகிறது. அறிவு அந்த உதிர்வைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அதனால் பலருக்கு அவர்மீது எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் சாதியின் வாடையும் இருந்தது.

2024இல் அவர் தன் சுயாதீன ஆல்பத்தை வெளியிட்டார். அதன் தலைப்பு 'வள்ளியம்மா பேராண்டி'. இந்தத் தலைப்பையும் 'அருளர்' என்ற தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாயா தேடிப்போன மனிதர் எழுத்தாளர், பொறியாளர், இயக்கத் தலைவர். தலைப்பை மாற்று என்று மின்னஞ்சல் எழுதும் அதிகாரம் அவருக்கு இருந்தது. 2019இல் அவர் இறந்தபோது அவர் எழுதியவை அச்சில் இருந்தன. அறிவின் பாட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர் பெயர் பொதுவில் நிற்பதற்குப் பேரனின் பாட்டும், அந்தப் பாட்டு யாருடையது என்று அவர் விடாமல் போட்ட சண்டையும், அதன்பின் தன் பொறுப்பில் கொண்டுவந்த இந்த ஆல்பமும் வேண்டியிருந்தன.